ஆறு வாஷிங் மெஷின்களும் ஒரு துவைக்கிற கல்லும்

போன வாரம் ஊட்டி காந்தலில் எங்கள் தெருவுக்குப் பழைய சாமான் வண்டி வந்தது. ஒலிபெருக்கியில் பழைய இரும்பு, பழைய ஃபிரிட்ஜ் என்று ஓதிக்கொண்டே வந்தவன் எங்கள் வாசலில் மட்டும் நிறுத்தவில்லை. இந்த வீட்டிலிருந்து எதுவும் வெளியே வராது என்பது அவனுக்குத் தெரியும். நான்தான் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினேன். உடைந்த கட்டில்களுக்கு நடுவே ஒரு வாஷிங் மெஷின் ஒருக்களித்துக் கிடந்தது. மூடியைத் திறந்தேன். பழைய ரப்பரும் சோப்புக் கசடும் கலந்த அந்த வாசனை. மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ எப்படியோ, எனக்கு அது. வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு ஓட்டலில்தான். மூடியின் குமிழை மட்டும் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஏற்கெனவே ஆறு இருக்கின்றன. ஆறும் ஓடும். சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால், வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பதற்கு முன்பே ஒன்றை ஓட்டிக் காட்டிவிடுவேன். சொந்தக்காரர்கள் வருவது குறைந்துபோனதற்கு ஊட்டிக் குளிர்தான் காரணம் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது. அப்போது குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க். கல்யாணமான புதிது. மனைவி கோபிச்செட்டிபாளையத்துக்காரி, வெதுவெதுப்பான வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவள். எங்கள் குவார்ட்டர்ஸில் பின்பக்கத்துக் கல்லில்தான் துவைக்க வேண்டும். மார்கழியில் அந்தக் கல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். முதல் குளிர்காலத்திலேயே அவள் விரல்கள் சிவந்து வீங்கின. "ஏனுங்க, இந்த ஊருத் தண்ணி கடிக்குதுங்க" என்றாள். குறை சொல்கிற குரல்கூட இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அந்த விரல்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் எங்கள் வாசல் வெயிலில் வந்து உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடுவார்கள். என் மனைவி கையில் கல் போனால் மற்றவர்களுக்கு முறையே வராது. ஒரு கல் மேலே போவது தெரியும். கீழே கிடந்த நாலும் எப்போது கைக்குள் போயின என்று தெரியாது. நான் பேப்பர் படிக்கிற பாவனையில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஊரில் எத்தனையோ பேர் மனைவியின் சமையலைப் பற்றிப் பீற்றிக்கொள்வார்கள். நான் பீற்றிக்கொண்டது இதைப் பற்றி.

அந்தச் சமயத்தில் பங்களாவில் இருந்த எஸ்டேட் மேனேஜர் துரை மாற்றலாகிப் போனார். அவர் விட்டுப்போன சாமான்களில் ஒரு வாஷிங் மெஷினும் இருந்தது. தொட்டிக்கு மேலே இரண்டு ரப்பர் உருளைகள். நடுவில் துணியைக் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால் பிழிந்து தள்ளும். தேயிலைக் கொழுந்து லாரியில், மூட்டைகளின்மேல் ஏற்றி, அதன்மேல் நானும் ஏறி உட்கார்ந்து கொண்டுவந்தேன். என் கல்யாண ஊர்வலத்தில்கூட நான் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

மெஷின் ஓடவில்லை. பெல்ட்டுக்காக இன்னொன்று வாங்கினேன். வந்தது முதலாவதைவிட லட்சணமாக இருந்ததால் அதைப் பிரிக்க மனம் வரவில்லை. அதனால் பெல்ட்டுக்காக மூன்றாவது. ஒருவழியாக ஓட ஆரம்பித்ததும் சட்டம் போட்டேன். கம்பளி கூடாது, உருளை தாங்காது. போர்வை கூடாது, மோட்டார் சுடும். வெந்நீர் கூடாது, ரப்பர் இளகிவிடும். இந்த மலையில் கம்பளியையும் போர்வையையும் கழித்தால் துவைக்க என்ன மிச்சம் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. கைக்குட்டைகளைத் துவைத்தோம். மிக நன்றாக வெளுத்தன.

ஞாயிறு காலை முழுக்க மெஷினுக்கு அடியில் படுத்து எழுகிற என் சட்டையெல்லாம் கிரீஸும் கரியுமாக இருக்கும். அதை மெஷினில் போட்டால் தொட்டி கறைபடாதா? அதுவும் கல்லுக்குத்தான் போயிற்று. இரண்டு வருஷம் இப்படி.

மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு. மனைவியின் முறை. கல்லை மேலே போட்டாள். விரல் மடங்கவில்லை, கல் உருண்டு வாசற்படிக்கு ஓடியது. சிரித்தாள். மறு வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் கற்களைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளி, "நீங்க ஆடுங்கக்கா, நான் எண்ணிக்கறேன்" என்று ஒதுங்கி உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்தவர் பார்வதி அக்கா, இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். எனக்கு அம்மா வயது. கற்களை எடுக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, மெசின் ஒங்களுக்கு உடுப்பு கழுவல்ல. இந்தப் புள்ளதான் மெசினுக்குக் கழுவுது."

மறுநாள் விடிந்ததும் என் கிரீஸ் சட்டைகளை நானே எடுத்துக்கொண்டு கல்லுக்குப் போனேன். இரண்டாவது சட்டை முடிவதற்குள் விரல்கள் என்னுடையவைதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவதில் கண்ணில் தண்ணீர். வெட்கத்தில் என்று சொல்ல ஆசை, வலியில்தான். அன்றைக்கே சட்டமெல்லாம் ரத்து. கம்பளி, போர்வை, வெந்நீர் எல்லாம் தொட்டிக்குள் போயின. உருளை பிய்ந்தது, மோட்டார் புகைந்தது, திரும்பத் திரும்பச் சரிசெய்தேன். அன்றிலிருந்து இந்த வீட்டுத் துணி என் பொறுப்பு.

ஆனால் அவள் திரும்ப ஆட உட்காரவில்லை. வீக்கம் வற்றியும் பழைய வேகம் வரவில்லை. இப்போது மூட்டுகளும் கோணிவிட்டன. வயசு என்கிறார் டாக்டர். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. பார்வதி அக்கா மகனோடு திருப்பூர் போய் அங்கேயே காலமாகிவிட்டார். அந்தக் குவார்ட்டர்ஸை இடித்து லாரி நிறுத்துகிறார்கள்.

முந்தாநாள் துணி காயப்போட்டுக்கொண்டே, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். அப்போது என்மேல் கோபம் வரவில்லையா?

"வந்துச்சுங்க. ஆனா மெஷினுக்கு அடியில இருந்து நீங்க எந்திரிக்கிறப்ப மூஞ்சில அப்படியொரு சந்தோசம் இருக்கும். அதை எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டேன்."

ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "அஞ்சாங்கல் ஆடறப்ப எனக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு" என்றாள்.

அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கவே இல்லை.