ஒழுகலைத் தேடி வந்த கமிஷனர்

சென்ற புதன்கிழமை பிற்பகல். ஸ்ரீரங்கத்தில் மழை கொட்டித் தீர்த்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து ஆண்பிள்ளைகள் வரிசையாக நின்று தளத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

என்ன தெரிந்தது? ஒன்றுமில்லை. தகராறே அதுதான்!

ஒருவர் கோர்ட் அனுப்பிய கமிஷனர் — வழக்கில் சொல்லியிருப்பது நிஜமா என்று நேரில் பார்த்து எழுதித் தர வேண்டிய இளம் வக்கீல். அடுத்தவர் என் வக்கீல். அதற்கடுத்தவர் எதிர்த்தரப்பு வக்கீல். அவர் பக்கத்தில் எதிர்த்தரப்பே — என் வீட்டைக் கட்டிய ஆரோக்கியம் மேஸ்திரி. கடைசியில், வாராவாரம் உங்களிடம் புலம்பும் இந்தப் பயந்தாங்கொள்ளி.

போன வருஷம் வீடு கட்டி முடித்தேன். முதல் மழையிலேயே கூடத்துத் தளம் ஒழுகிற்று. எங்கே? தொட்டில் கட்டப் போட்ட இரும்பு வளையத்துக்கு நேர் பக்கத்தில். மேஸ்திரியைக் கேட்டேன்.

"மொட்டை மாடியில மிளகா இடிச்சா ஒழுகாம என்ன செய்யும்? சொல்லுங்க!" என்றார்.

மிளகாய் இடித்தது ஒரே ஒரு நாள்! ரோஷம் வந்துவிட்டது. நானோ எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன்; கறுப்புக் கோட்டைக் கண்டாலே கை தானாகக் கட்டிக்கொள்ளும். இருந்தும் உத்தர வீதியில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். இங்கிலீஷில் நோட்டீஸ் எழுதி, உரக்கப் படித்து, அர்த்தமும் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கே மேஸ்திரி மேல் பரிதாபமாகிவிட்டது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கும் ஓய். தளத்துல ஒரு கரண்டி சுண்ணாம்பு விழப்படாது. அந்த ஓட்டைதான் நமக்குச் சாட்சி!"

"ஒழுகுமே சார்?"

"ஒழுகட்டும். நன்னா ஒழுகட்டும்!"

கமிஷனர் முதல் தடவை வந்தது சித்திரை வெயிலில். 'பரிசோதனையின்போது ஒழுகல் ஏதும் தென்படவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். சித்திரையில் காவிரியே தென்படாது... ஒழுகலா தென்படும்? என் வக்கீல் விடவில்லை. மழை பெய்கிறபோது வந்து பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டார். கோர்ட்டும் சரி என்றது. இனி மழைதான் வர வேண்டும்.

அதற்கு முன்னால் என் மகள் பிரசவத்துக்கு வந்தாள். பேரன் பிறந்தான். கூடவே ஐப்பசியும் பிறந்தது. தூளியை வளையத்தில் கட்டினால் குழந்தை நெற்றியில் சொட்டு. கீழே விட்டால் ஈரத் தரை. இரண்டு தூறலிலேயே பிள்ளைக்குச் சளி பிடித்துக்கொண்டது. நெஞ்சில் கட்டிக்கொண்டால்? ஜன்னி கண்டால்? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏம்ப்பா, உங்க வக்கீல் வந்து இந்தத் தூளியில ஒரு மணி நேரம் படுத்துப் பாக்கட்டுமே!" என்றாள் மகள்.

மறுநாள் தெருக்கோடியில் மேஸ்திரி எதிரே வந்தார். எதிர்த்தரப்போடு பேசலாமா? கோர்ட் அவமதிப்பு ஆகிவிடுமோ? தலையைக் குனிந்துகொண்டு நழுவப் பார்த்தேன். அவர்தான் நிறுத்தினார்.

"ஐயா, பச்சப்புள்ள மேல சொட்டுதாமே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"தளத்துல கை வெக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு மேஸ்திரி."

"என் வக்கீலும் அதையேதாங்க சொன்னாரு. கை வெச்சா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம்." சிரித்தார். "ரெண்டு பேரும் கோர்ட்டு வாசல்ல ஒண்ணாத்தானே காபி குடிக்கிறாங்க... அவங்க கிடக்கட்டும். நான் வரேங்க."

இரண்டு நாள் நல்ல வெயில். சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர் சகிதம் மாடி ஏறினார், ஓட்டையை அடைத்து முடித்தார். வக்கீலிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினேன். புதன்கிழமை மழை. அதைக் கண்டதும் — ஜட்காவில் கமிஷனர்!

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு சொட்டு விழுந்தால், தூளியில் தூங்கும் பேரன் நனைவான். விழாவிட்டால், கோர்ட்டில் நான் பொய்யன். எதை வேண்டிக்கொள்வது? பொய்யனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் ரங்கநாதா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அரை மணி ஆயிற்று. ஒரு சொட்டு இல்லை. என் வக்கீல் முகம் வெளியே வானம்போல் கறுத்தது. அப்போது... டொப்!

தூளிக்கு நேர் கீழே, தரையில் ஒரு துளி. இன்னொன்று. பிறகு சரமாரியாக.

"பார்த்தேளா! நடுக் கூடத்துல ஒழுகறது! குறிச்சுக்கோங்கோ!" என்று துள்ளினார் என் வக்கீல். கமிஷனர் பேனாவைத் திறந்தார். "ஆட்சேபிக்கிறேன்!" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"ஐயா, அது தளத்துலேருந்து வரலீங்க" என்றார் மேஸ்திரி மெதுவாக. "தூளியிலேருந்து வருது."

மகள் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் தைரியம் வந்துவிட்டது.

"சார், வழக்கு வேண்டாம். வாபஸ் வாங்கிக்கிறேன்."

இரண்டு வக்கீல்களும் ஒன்றாகத் திரும்பி என்னை முறைத்தார்கள். காபி விஷயம் தவிர, அன்றுதான் முதல் தடவையாக அவர்களுக்குள் ஒற்றுமை பார்த்தேன்.

"வாபஸா? அதுக்குத் தனியா ஒரு மனுப் போடணும் ஓய்!"

போட்டாயிற்று. சித்திரையில் விசாரணைக்கு வருமாம்.

வீட்டில் ஒழுகல் நின்றுவிட்டது. கோர்ட்டில்தான் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது!