ஒன்று குறைவான வரி

அந்தப் பலகை பள்ளிக்கூடத்தில், மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்த மரப்பலகை. வருடத்துக்கு ஒரு வரி, வரிக்கு இரண்டு எண்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியவர்கள் எத்தனை பேர், தேறியவர்கள் எத்தனை பேர். இரண்டும் ஒரே எண்ணாகத்தான் இருக்கும். ஒரே ஒரு வருடம் மட்டும் இரண்டாவது எண்ணில் ஒன்று குறையும். அந்த ஒன்று நான்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டுக் கிராமம் எங்களுடையது. அங்கிருந்து பள்ளிக்கூடம் ஒரு மணி நேர நடை. சைக்கிளில் ஊர் ஊராக வந்துபோன பங்குச்சாமியார் ஒருவர் கீற்றுக் கொட்டகையில் தொடங்கியது அது. முதல் மழைக்கே கொட்டகை சாய்ந்துவிட, பிள்ளைகளைக் கோவிலுக்குள் உட்கார வைத்துப் பாடம் நடந்ததாம். பிறகு கன்னியர் பொறுப்பேற்று ஓடு போட்டார்கள், மாடி எழுப்பினார்கள், உயர்நிலைப் பள்ளியாக்கினார்கள். முனிக்குக் கிடா வெட்டுகிற எங்கள் வீடுகளிலும் ‘சிஸ்டர் ஸ்கூல்’ என்றால் ஒரு மரியாதை. என்னைச் சேர்க்கப் போன அன்று என் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கெபியில் மெழுகுவத்தியும் ஏற்றினாள். “ரெண்டு பேருல ஒருத்தராவது பாக்க மாட்டாகளா” என்றாள்.

தலைமையாசிரியரை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்போம். ஒல்லியாக, உயரமாக இருப்பார். வேகமான நடை. வெள்ளைச் சேலையின் கீழ்க்கரையில் எப்போதும் செம்மண் ஏறியிருக்கும். காலையில் கேட்டருகே நின்று ஒவ்வொருவரையும் கையை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பார். முந்திரிக்கொட்டைப் பால் பட்டுத் தோல் உரிந்து கறுத்திருக்கும் என் விரல்களைப் பார்த்தால் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கைக்குப் போய்விடுவார். வகுப்பில் எனக்கு ‘முந்திரிக்கை’ என்று பேர்.

பள்ளியின் நூறு சதவீதம் எப்படி வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், தேறமாட்டார்கள் என்று தோன்றும் இரண்டு மூன்று பேரின் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். டி.சி. வாங்கிக்கொண்டு பிரைவேட்டாக எழுதட்டும் என்பார்கள். அப்படிப் போனவர்கள் பலகையில் எழுதியவர்கள் எண்ணிலும் இல்லை, தேறியவர்கள் எண்ணிலும் இல்லை. யாரும் சண்டைக்கு வந்ததாக நினைவில்லை. மழைக்காலத்துக் காய்ச்சல் மாதிரி அது வருடா வருடம் வருவது.

என் வருடத்தில் அந்தப் பட்டியலில் நான் ஒருவன்தான். தாமதமாக வந்ததற்காக ஆபீஸ் வாசலில் முட்டி போட்டிருந்தபோது, உள்ளே கணக்கு சார் பேசுவது கேட்டது.

“முந்திரி சீசன் வந்தா இவன் காட்டுக்குப் போயிருவான் சிஸ்டர். இவன் ஒருத்தனால நம்ம நூறு போயிரும். டி.சி.யக் குடுத்துருவோம்.”

“எங்கிட்டுப் போவான்?”

“பிரைவேட்டா எழுதட்டும்.”

“எழுதுவானா சார்?”

சார் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“நூறு நம்மளோடது சார். பரீட்சை அவனோடது. பேரை எழுதுங்க” என்றார் பெரிய சிஸ்டர்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, “கேட்டுச்சா?” என்றார். தலையாட்டினேன். “அப்ப எந்திரி. முட்டி போட்டா கணக்கு வராது.”

அதன்பின் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. ஆனாலும் கணக்கில் போய்விட்டது. முப்பத்தைந்து வேண்டிய இடத்தில் இருபத்தொன்பது. எங்கள் வகுப்பில் மற்ற எல்லோரும் தேறியிருந்தார்கள். பெரிய சிஸ்டரைப் போய்ப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் போர்வெல் லாரியில் ஏறி ஆந்திரா போய்விட்டேன்.

அப்புறம் நின்ற இடம் என்று ஒன்று இல்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் ஓட்டல், கட்டுமாவடியில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலை. இடது நடுவிரலின் நுனி ஒரிசாவில் போர்வெல் வேலையில் ஒரு சங்கிலிக்குள் போயிற்று. எங்கே போனாலும் யாராவது எந்த ஸ்கூல் என்று கேட்பார்கள். நம்ம பக்கத்து ஆளாக இருந்தால், பேரைச் சொன்னதும் “அங்க படிச்சிட்டா இந்த வேலைக்கு வந்த, பொய்யி” என்று சிரிப்பார்கள். அங்கே படித்த ஒருவன் தேறாமல் போக முடியும் என்று யாரும் நம்பவில்லை. ஊருக்கு வரும்போது பள்ளி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறமாட்டேன். பெரிய சிஸ்டர் எதிரே வந்துவிட்டால் என்ன சொல்வது? அவர் மறு வருடமே மாற்றலாகி வடக்கே போனதும், அங்கேயே இறந்ததும் அப்போது எனக்குத் தெரியாது.

இந்த மே மாதம் அக்கா மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க, வேறு வழியில்லாமல் போனேன். கேட் வரைக்கும் வரிசை. பழைய பியூன் அண்ணன்தான் வரிசையை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கையைப் பார்த்தார்.

“டேய், முந்திரிக்கை. உசுரோடதான் இருக்கியா?”

“இருக்கேண்ணே.”

“ஒன்னையத் தேடி ஒங்க வீட்டுக்கே வந்தேன்டா, மறுபரீட்சை ஃபாரத்தை எடுத்துக்கிட்டு. சிஸ்டர்தான் அனுப்பிச்சாங்க. ஆந்திராவுக்குப் போயிட்டான்னு ஒங்கம்மா அழுதுச்சு.”

பலகையைக் காட்டிச் சொன்னார். அந்த வருடம் மட்டும் இரண்டாவது எண்ணைப் பெயின்டில் எழுத சிஸ்டர் விடவில்லையாம். சாக்பீஸால் எழுதச் சொன்னாராம். பையன் எழுதித் தேறி வந்தால் மாற்ற வேண்டும் என்றாராம். சாரல் அடித்து அழிந்தால் மறுபடி சாக்பீஸ். அப்படியே ஒரு வருடம். “அவுக ஊரை விட்டுப் போனப்பறந்தான்டா பெயின்ட் அடிச்சேன்.” பிறகு, சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார்: “இந்தப் பலகையும் இன்னும் கொஞ்ச நாளுதான். ஸ்கூல் ஜூபிலிக்கு இதைக் கல்லுல வெட்டுறாக. அந்த வருசத்தை மட்டும் விட்டுறலாம்னு பேச்சு.”

அக்கா மகளை வரிசையில் நிறுத்திவிட்டு ஆபீசுக்குள் போனேன். இப்போதைய தலைமையாசிரியர் என்னைவிட இளையவர்.

“சொல்லுங்க, நீங்க எந்த பேட்ச்?”

“ஒன்னு குறையுற பேட்ச் சிஸ்டர். குறையுற ஆளு நான்தான்.”

அவர் கையிலிருந்த பேனாவை வைத்தார். “கல்லுல வெட்டுறது. ஒங்களுக்கே சங்கடமா இருக்காதா?”

“டி.சி. வாங்கிட்டுப் போனவுக எந்த வரியிலயும் இல்லை சிஸ்டர். நான் ஒரு வரியில இருக்கேன். அதை எடுத்துறாதீங்க.”

அவர் கல்வெட்டுக்காரருக்கான தாளை எடுத்து, இரண்டு வரிகளுக்கு நடுவே விட்டுப்போன வருடத்தை எழுதி, என் பக்கம் திருப்பி வைத்தார். “சரியான்னு பாருங்க.” பார்த்தேன். முதல் எண்ணில், எழுதியவர்களோடு, நான் இருந்தேன்.

வெளியே வந்து பலகையின் முன் நின்றேன். கெபியில் யாரோ ஏற்றிய மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அந்த இரண்டாவது எண்ணின் மேல் விரலை வைத்துத் தேய்த்தேன். சாக்பீஸாக இருந்தால் வந்திருக்கும். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.