அவருக்கு ஊற்றிய பியர்

என் மனுசனின் தமையனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதில் கொஞ்சத்தைக் கழித்துக்கொண்டு வாசிக்க விரும்புகிறவர்கள் அப்படியே வாசிக்கலாம்.

கலியாணம் முடித்து மொன்றியலில் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, முழு யாழ்ப்பாணத்தையும் கட்டிக்கொண்டு வந்திட்டீரோ?" என்று சிரித்தார். அதில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற என் மனுசனும் அதே அளவுக்கு, அதே நேரத்துக்குச் சிரித்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தமையன் சிரித்தால் இவரும் சிரிக்க வேண்டும், தமையன் எழும்பினால் இவரும் எழும்ப வேண்டும். இவரைக் கனடாவுக்கு எடுத்துவிட்டவர் அவர். சென்ட் லோரன்ட்டில் களஞ்சிய வேலையை எடுத்துக் கொடுத்தவரும் அவர். பியரைப் பழக்கியவரும் அவர்தான் என்று நான் சொல்வேன். இவர் இல்லை என்பார்.

போன வருடம் மாரிக் குளிர் தொடங்குவதற்கு முதல் இவர் குளியலறையில் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரெஞ்சில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பாதிதான் விளங்கியது. மகளிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவள் தகப்பனைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்பாவின்ரை ஈரல் பழுதாப் போச்சாம். இனிமேல் குடிச்சால் செத்துப்போவாராம்" என்றாள். அந்த நேரம் தமையனும் கட்டில் காலடியில் நின்றார். அவருக்கும் கேட்டது. அவர் கேட்டதை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து இவர் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு வயிற்றில் கேஸ்ட்ரிக் என்று சொல்லி வந்தார். உண்மை தெரிந்தவர்கள் நாங்களும் தமையன் குடும்பமும்தான்.

இந்த நிலையில்தான் தமையன் அமெரிக்காவுக்குப் போய் வந்தார். கனடாவுக்கு வருவதற்கு முன் அவர் அங்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சில காலம் இருந்தவர். அவருடைய வாடகை அறைக்கு எதிரே ஒரு பழைய பியர் ஆலை மூடிக் கிடந்ததாம். ஜெர்மன்காரர் கட்டிய செங்கல் கட்டடம், யன்னல் எல்லாம் உடைந்து, புகைபோக்கியில் பெயர் மட்டும் மிஞ்சியிருந்ததாம். மதுவிலக்குக் காலத்தில் சோடா செய்து உயிர் பிழைத்து, பிறகு பெரிய கம்பனிகளோடு போட்டி போட முடியாமல் மூடிய ஆலை. இப்போது அதை யாரோ வாங்கி, பழைய செய்முறைகளைத் தேடிப் பிடித்து, பழைய பெயர்களிலேயே திரும்பவும் பியர் காய்ச்சுகிறார்கள். அதைத்தான் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த வரிச் சண்டையால் இங்கே கடைத் தட்டுகளிலிருந்து அமெரிக்கக் குடிவகைகளை எல்லாம் எடுத்துவிட்டிருந்த நேரம். வேறு யாருக்கும் கிடைக்காத சாமான் தன்னிடம் இருக்கிறது என்ற பெருமை அவருக்கு.

"ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லாரும் வாங்கோ" என்று போனில் சொன்னார். "தம்பி, நீ கட்டாயம் வரோணும்."

"குடிக்கிற இடத்துக்கு ஏன் போறியள்?" என்று இவரைக் கேட்டேன்.

"அண்ணை கூப்பிட்டால் போகாமல் இருக்கிறதோ? போய் இருந்திட்டு வாறதுதானே" என்றார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் அவர்களுடைய வீட்டுக் கராஜில் மேசை போட்டிருந்தார்கள். தமையன், அவரோடு படித்த ஒருவர், அவரோடு வேலை செய்கிற சென்னைக்காரர் ஒருவர், இவர். நானும் தமையனின் மனைவியும் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றோம். அவவிடம், "அக்கா, இவருக்குக் குடுக்க வேண்டாம் எண்டு அண்ணைக்கு ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்றேன். "நான் சொல்லி அவர் எப்ப கேட்டவர்?" என்று சொல்லிவிட்டு, ரோல்ஸ் தட்டை என் கையில் தந்து கராஜுக்கு அனுப்பினா.

நான் போனபோது எல்லோருக்கும் முன்னால் சின்னக் கிளாஸ்களில் மஞ்சளாக ஊற்றியிருந்தது. இவருக்கு முன்னாலும் ஒன்று. தமையன் போத்தலைத் தூக்கிப் பிடித்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் அதைக் கேட்கவில்லை. கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது குடியில்லை, சரித்திரம்" என்றார் தமையன். "ஒரு வாய் வைச்சுப் பார்."

"சும்மா ஒரு சிப் தானே சார், ஒண்ணும் ஆகாது" என்றார் சென்னைக்காரர். அவருக்கு எதுவும் தெரியாது. அவரில் எனக்குக் கோபமில்லை.

இவருடைய கை மேசையில் நகர்ந்து கிளாஸைத் தொட்டது. நான் தட்டை வைத்துவிட்டு, அந்தக் கிளாஸை எடுத்து, நின்றபடியே குடித்து முடித்தேன். சோளம் அவித்த தண்ணீர் ஆறிப்போன மாதிரி இருந்தது. அதற்கு மேல் ஒரு கசப்பு.

பிறகு தமையன், "பிள்ளை, அது இவனுக்கு ஊத்தினது" என்றார்.

"ஓம் அண்ணை, தெரியும்."

"நீர் குடிப்பீரோ?"

"இண்டைக்குக் குடிக்கிறன்."

ஒரு கதிரையை இழுத்து இவருக்குப் பக்கத்தில் இருந்தேன். தமையன் அதோடு விட்டிருந்தால் நானும் எழும்பிப் போயிருப்பேன். அவர் விடவில்லை. அடுத்த போத்தலை உடைத்து எல்லோருக்கும் ஊற்றினார். இவருடைய கிளாஸுக்கு வந்ததும் என்னைப் பார்த்துக்கொண்டே விளிம்பு வரை ஊற்றினார். அது செம்பு நிறம். நான் எடுத்துக் குடித்தேன்.

"விடு மச்சான்" என்றார் கூடப் படித்தவர்.

"என்னத்தை விடுறது? எல்லாருக்கும் ஊத்தினால் இவனுக்கும் ஊத்தத்தானே வேணும். என்ரை வீட்டிலை ஒருத்தனுக்கு மட்டும் இல்லை எண்டு வைக்கேலாது." பிறகு என்னிடம், "எப்பிடி இருக்கு? சொல்லும் பாப்பம்" என்றார்.

"சவர்க்காரம் போட்டுக் கழுவாத கிளாஸ் மாதிரி இருக்கு."

சென்னைக்காரர் சிரிக்க வாயெடுத்து, தமையனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது கறுப்பு. கருகிய பாண் கரையின் வாசம், அடியில் ஒரு மெல்லிய இனிப்பு. அது நன்றாக இருந்தது. இவ்வளவு காலமும் நான் வெறுத்த சாமான் என் வாய்க்குள் நன்றாக இருந்தது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு மேசையையே பார்த்தபடி இருந்தார்.

"அண்ணை" என்றேன், "டாக்டர் சொன்னபோது நீங்களும் அங்கைதானே நிண்டனீங்கள்."

"அது அப்ப. இப்ப ஆள் நல்லாத்தானே இருக்கிறான்."

"குடிக்காதபடியாத்தான் நல்லா இருக்கிறார்."

அப்போதுதான் இவர் முதல் முறையாக வாயைத் திறந்தார். தமையனிடம் இல்லை, என்னிடம்.

"நீ மேலை போ."

எப்போதும் என்னை நீர் என்று கதைக்கிறவர்.

"நீங்களும் வாங்கோ, போறன்" என்றேன்.

இவர் அசையவில்லை. தமையன் கடைசிப் போத்தலை உடைத்தார். அது அந்த ஆலையில் முதன்முதலாகக் காய்ச்சிய பியராம். அதைப் பற்றி நீளமாகச் சொன்னார். என் காதில் ஏறவில்லை. முகம் சூடாகி, காதுக்குள் இரைந்தது. இவருக்கு ஊற்றியதை எடுத்து, வாயைத் துடைக்காமல் குடித்து முடித்து, கிளாஸை அவருக்கு முன்னால் கவிழ்த்து வைத்தேன்.

தமையன் தம்பியைப் பார்த்து, "இனிமேல் இங்கை வாறதெண்டால் தனிய வா" என்றார்.

இவர் எழும்பிக் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் கதிரையைப் பிடித்து எழும்பிப் பின்னால் போனேன்.

மொன்றியலுக்கு வரும் பாலத்தைத் தாண்டிய பிறகு, "நாலு பேருக்கு முன்னாலை என்னைச் சின்னப்பிள்ளை ஆக்கிப்போட்டாய்" என்றார்.

"கிளாஸைத் தள்ளி வைச்சிருந்தால் நான் ஏன் எடுக்கப்போறன்?"

"நான் குடிக்கப்போறதில்லை."

"உங்கடை கை போனது."

"கை போனால் என்ன? தொட்டுப்போட்டு விட்டிருப்பன்."

அது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

நாங்கள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனுக்குள் வந்ததும் காரை நிறுத்தச் சொல்லி, ஒரு பிள்ளைகள் காப்பகத்தின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு குடித்ததை எல்லாம் சத்தி எடுத்தேன். எங்கள் தெருக் கடைக்காரர் மரக்கறிப் பெட்டி தூக்கியபடி நின்று பார்த்தார். இவர் இறங்கி வந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். நீட்டியபடியே முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து பல நாள் சோபாவில்தான் படுத்தார்.

தமையன் கதையைத் தனக்கு ஏற்ற மாதிரிச் சொல்லிவிட்டார். அடுத்த கிழமைத் தமிழ்ப் பூசைக்கு முன்பே அது எங்கள் மாதா கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது, பாடகர் குழுவில் இருக்கிற ஒரு அக்கா கிட்ட வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, நீங்கள் ஆம்பிளையளோடை இருந்து பியர் குடிச்சனீங்களாம், உண்மையோ?" என்று தேன் மாதிரிக் கேட்டா.

"ஓம், உண்மை" என்றேன்.

இவர் ஒரு எட்டுத் தள்ளி நின்றார். கேட்காத மாதிரிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்து, அந்த அக்காவிடம், மண்டபத்தில் நின்ற மற்றவர்களுக்கும் கேட்கிற குரலில், "எனக்கு ஈரல் பழுது. ஒரு சொட்டும் ஆகாது. எனக்கு ஊத்தினதைத்தான் இவ குடிச்சவ. வேறை என்ன தெரியோணும் உங்களுக்கு?" என்றார்.

அக்கா கையை எடுத்துக்கொண்டா.

காரில் ஏறியதும், "இப்பத் திருப்தியோ?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். எனக்கும் இல்லை என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

தமையன் எங்களோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். இவர் அதற்கு என்னைத்தான் குற்றம் சொல்கிறார். நான் மறுப்பதில்லை. இந்த ஈஸ்டருக்கு, தான் தனியாக லவாலுக்குப் போகப் போவதாகச் சொன்னார். போங்கோ என்றேன். சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு, சப்பாத்தும் போட்டு, சோபாவில் வந்து இருந்தார். கனநேரம் இருந்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து சாப்பாட்டைப் போடச் சொன்னார். நான் ஒன்றும் கேட்காமல் போட்டேன்.