சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருந்த அத்தா

என் மகனுக்கு அப்போது மூன்று வயது. போனில் பொம்மைப் படம் ஓடினால்தான் வாய் திறப்பான். மரக்காணத்தில் எங்கள் தெரு முழுக்க எனக்குப் புத்தி சொன்னது. சொன்னவர்களில் ஒருவர்கூட வந்து ஒரு வாய் ஊட்டிவிடவில்லை. விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய்விட்டு வெயில் ஏறியதும் திரும்பும் என் வீட்டுக்காரருக்கும் இதில் கோபம்தான். கோபப்பட்டுக்கொண்டே தன் போனை நோண்டுவார்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு வேறு கவலை. அவள் கணவருக்கு துபாயில் கடை வேலை. மூத்த பையன் சின்னவனாக இருந்தபோது, அத்தா போனில் வந்தால் அவர் முகத்தைத் தள்ளிவிட்டுக் கார்ட்டூன் தேடுவானாம். அவர் லீவில் வந்ததும் "மாமா" என்று கூப்பிட்டிருக்கிறான். லீவு முடிகிற வரைக்கும் மாமாதான். மனிதர் துபாய்க்குத் திரும்பும்போது அழுதே விட்டாராம். இப்போது மகளுக்கும் அந்த வயது. இவளும் அப்படிக் கூப்பிட்டுவிடுவாளோ என்று பயந்தாள்.

துபாய்க்காரர் கண்டிப்பானவர். "புள்ள கையில போனு குடுக்காத" என்பார், போனிலேயே. "அப்ப ஒங்கள எதுல காட்டறது?" என்று இவள் திருப்பிக் கேட்டதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் அவள் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, எனக்கெல்லாம் சத்தியமாகத் தோன்றியிருக்காது. குழந்தை கையில் போனைக் கொடுக்கவே இல்லை. சாயங்காலம் அவர் கூப்பிட்டதும் அடுப்பு மேடையில், சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிடுவாள். அங்கே அவரும் தன் ரூமில் போனை எதன்மீதோ சாய்த்துவிட்டு வெங்காயம் நறுக்குவார். "இங்க பாரும்மா, அத்தாவுக்கு முத்தா குடு" எல்லாம் கிடையாது. குழந்தை தரையில் சொப்பு வைத்து விளையாடும். மேடைப் பக்கம் திரும்பாமலே, "அத்தா, அண்ணன் அடிக்கிறான்" என்று புகார் சொல்லும். அவர் அங்கிருந்தே அதட்டுவார்.

"அது அவர பாத்துகினே இருக்க வேணாங்க்கா. வூட்ல ஒரு ஆளு இருக்காருன்னு தெரிஞ்சா போதும்" என்றாள். எவ்வளவு படித்தவர்கள் எவ்வளவு பேசினார்கள், இப்படி ஒருத்தரும் சொல்லவில்லை.

அவர் லீவில் வந்த அன்று நானும் போயிருந்தேன். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். உள்ளே வந்தவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு மெல்லக் கீழே பார்த்தது. பார்த்தபடியே இருந்தது. அடுக்களை வாசலில் நின்ற தாய்க்காரி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தா, ஒனக்கு காலு இருக்குதா?" என்றது குழந்தை.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினார். குழந்தை முட்டியைத் தொட்டு அழுத்திப் பார்த்துவிட்டு, அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.