ஒன்றும் மாறாத திங்கட்கிழமை

விசாலம் போய்விட்டார் என்று அவர் மகள் பள்ளுருத்தியிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். அழ ஆரம்பித்தவன் பாதியில் சிரித்துவிட்டேன். பழைய அலுவலக நண்பர்களே, உங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

அறுபதுகளில் மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தோம். துளையிட்ட அட்டைகளைப் படித்து, எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை என்று அச்சடிக்கும் இயந்திரம் அங்கே இருந்தது. அது என்ன செய்யவேண்டும் என்பதெல்லாம் ஒரு பலகையில் சொருகிய கம்பிகளில் இருந்தது. புதுக் கிடங்கு வரும்போதெல்லாம் பழையதன் மேலேயே இன்னொரு கம்பியைச் சொருகினோம். கடைசியில் பலகை பூனை விளையாடிய நூல்கண்டாகிவிட்டது. கொச்சங்காடிக் கிடங்குக்கு ஒரு கம்பி சேர்த்தால் தோப்பும்படிக் கிடங்கின் மூட்டைகள் அறிக்கையில் காணாமல் போகும்!

இதை ஒழுங்குபண்ணியே தீருவேன் என்று விசாலம் கிளம்பினார். மலையாளி மேனேஜர் தொடவே கூடாது என்று பதறிப்போனார்.

“ஓடுற மெஷினைத் தொடண்டா, கேட்டோ!”

விசாலம் கெஞ்சிக் கூத்தாடி சனியும் ஞாயிறும் வாங்கினார். திங்கட்கிழமை அறிக்கையில் ஓர் எழுத்து பிசகினாலும் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். விசாலத்தின் சம்பளத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஒரு கம்பியை மாற்றுவார். அதே பழைய அட்டைகளை ஓட்டுவார். புதுத் தாளைப் பழைய தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். எழுத்தின் மேல் எழுத்து உட்கார்ந்தால்தான் அடுத்த கம்பி. எனக்குப் பொறுமை போயிற்று.

“எல்லாத்தையும் ஒரேயடியா பிடுங்கிட்டுப் புதுசா சொருகினா என்னவாம்?”

“தப்பு வந்தா எந்தக் கம்பின்னு யார்கிட்ட கேப்பேள்? உங்க தாத்தாகிட்டயா?”

ஞாயிறு மதியம் எதற்கும் உதவாததுபோல ஒரு கம்பி தென்பட்டது. வீண் கம்பி, தூக்கி எறியுங்கள் என்றேன். எடுத்துவிட்டு ஓட்டினால், சுக்கு மூட்டைகள் மிளகுக் கணக்கோடு போய்ச் சேர்ந்துவிட்டன.

“பாத்தேளா? நமக்குத் தெரியலேன்னா அது வீணாயிடுமா?” என்று சிரித்தபடி திரும்பச் சொருகி, ‘சுக்கு’ என்று அதற்கு ஒரு சீட்டும் கட்டினார்.

திங்கட்கிழமை மேனேஜர் இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“ஒண்ணும் மாறலையல்லோ! பின்னே ரெண்டு நாளா எந்தா செஞ்சது?”

“அதுதான் சார் செஞ்சேன்,” என்றார் விசாலம். மேனேஜர் முகத்தைப் பார்க்கணுமே!

அந்த வாரமே பள்ளுருத்தியில் புதுக் கிடங்கு திறந்தார்கள். ஒழுங்கான பலகையில் விசாலம் ஒரே ஒரு கம்பியைச் சொருகினார்; வேறெந்தக் கிடங்கின் கணக்கும் பிசகவில்லை. சாயா ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மேனேஜர் அப்போதுதான் விஷயம் புரிந்து, தன் சாயாவையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

என் பேத்தி இன்று கணினியில் இதையே செய்கிறாள். வெளியே ஒன்றும் மாறாமல் உள்ளே ஒழுங்குபண்ணுவதற்கு ரீஃபாக்டரிங் என்று பேராம். விசாலத்தின் தைரியத்தைப் பற்றி அவளிடம் அளக்காத நாளில்லை. போன ஓணத்துக்குப் பார்த்தபோது விசாலத்திடமே அதைச் சொன்னேன்.

“தைரியமா? பயந்து செத்தேன், சுந்தரம். அதனாலதானே ஒண்ணொண்ணா மாத்தினேன்.”

பேத்திக்குச் சொல்ல அவருடைய அந்தப் பயத்தைத்தான் இப்போது நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.