எங்கள் வீட்டில் ஸ்டவ் இல்லை

குரும்பை என்றால் நமக்கு மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் தென்னம்பிஞ்சு. யாரும் வாயில் வைக்க மாட்டோம். இந்தத் தீவுக்கு நர்ஸாக வந்த இரண்டாவது வாரம், வயிற்றுப்போக்கோடு வந்த மீனவர் ஒருவர், காலையிலிருந்து குரும்பா மட்டும்தான் உள்ளே போயிருக்கிறது என்றார். அதைப் போய் ஏன் தின்றீர்கள் என்று கை ஜாடையில் கடிந்துகொண்டேன். மனிதர் குழம்பிப்போய் மனைவியைப் பார்த்தார். மறுநாள் உடம்பு தேறி வந்தவர், சீவிய இளநீர் ஒன்றை என் மேசையில் வைத்து, "கு-ரும்-பா" என்று பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல் சொல்லித் தந்தார். இங்கே தோணிக்குப் பெயர் தோணிதான். குரும்பைதான் எப்படியோ கடல் தாண்டி இளநீராகிவிட்டது.

மாலத்தீவின் தென்பகுதியில், இருபது நிமிடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிடக்கூடிய தீவு இது. ஒரு டாக்டர், இரண்டு நர்சுகள், அவசரத்துக்கு ஒரு வேகப்படகு. எனக்கு ஊர் சிவகாசிப் பக்கம் தாயில்பட்டி. வெயில் காய்ந்து, காற்றில் ஈரமே இல்லாததால்தான் எங்கள் பக்கம் பட்டாசுத் தொழில் தழைத்தது என்பார்கள். இங்கே துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் படை வரும். புதிதாகத் தீவுகளுக்கு வரும் நம்மவர்களுக்குச் சொல்கிறேன்: பவளப்பாறை கீறினால் சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள், உடனே சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மழைநீர்த் தொட்டியைத் துணியால் கட்டி மூடுங்கள். டெங்குக் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். மூன்று வேளையும் மீன் கிடைக்கும், கீரை கிடைக்காது. ஒரு பழைய டின்னிலாவது முருங்கையை நட்டு வையுங்கள்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. காயம் என்று யார் வந்தாலும், எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று இரண்டு முறை கேட்பேன். இரண்டு பதிலும் ஒத்துப்போன பிறகுதான் பதிவேட்டில் எழுதுவேன். கூட வேலை செய்யும் கேரளத்து நர்ஸ், "போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்" என்று கேலி செய்வாள். காரணத்தை அவளிடம் நான் சொன்னதில்லை.

நான் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி சீசன். ஆர்டர் நெருக்கியதால், அறைக்குள் செய்ய வேண்டிய வேலையை மரத்தடியில் உட்கார வைத்துச் செய்ய விட்டிருக்கிறார்கள். சட்டப்படி அது கூடாது. வெடிக்குள் மருந்து செலுத்திக்கொண்டிருந்த அம்மாவின் மடியிலேயே தீ பற்றியது. அம்மாவின் பெயர் சீனியம்மாள். கம்பெனி வேனில் தூக்கிப்போட்டு சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் போர்மேன். எங்களுக்குத் தூரத்து உறவு, மாமா முறை. நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, போர்மேன் சொன்னதை வைத்து டாக்டர் கேஸ் ஷீட்டை எழுதி முடித்திருந்தார். 'வீட்டில் சமைக்கும்போது மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து' என்று இங்கிலீஷில் இருந்தது. போலீசும் அதைப் பார்த்தே எழுதிக்கொண்டது.

எங்கள் வீட்டில் ஸ்டவ் இல்லை. அம்மா சாகும்வரை விறகடுப்பில்தான் சமைத்தாள்.

போர்மேன் மாமா என்னை மாடிப்படிக்குக் கீழே தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்: "ஏ பிள்ள, படிச்சவ நீ. வாயத் தொறக்காத. ஆத்தாளுக்கு வைத்தியம் நிக்காம நடக்கணும்ல? அம்புட்டுத்தான் சொல்லுவேன்."

அன்று சாயந்திரம் அம்மா கேட்டாள். "என்ன தாயி எழுதியிருக்காக? வாசி."

"தீக்காயம்னு எழுதியிருக்காகம்மா."

"எங்கன வச்சுன்னு எழுதியிருக்காகளா?"

"எழுதியிருக்காக."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பதினோராவது நாள் இறந்துபோனாள். உடலை வாங்கும் சமயத்தில் கேஸ் ஷீட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது தெரியாது. ஆனால் அந்த டாக்டரை ஒருநாள் விடுவதில்லை என்பது மட்டும் தெரியும். படிப்பை முடித்ததும், விருதுநகரில் இரண்டு வருடம் வேலை பார்த்ததும், கடல் கடந்ததும் அந்த வன்மத்தோடுதான்.

போன வருடம், பக்கத்துத் தீவு விடுதியிலிருந்து ரஃபீக் என்ற வங்கதேசத்துத் தொழிலாளியைப் படகில் கொண்டுவந்தார்கள். இரண்டு கையும் மார்பும் வெந்திருந்தன. ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரில் டீசல் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் விடுப்பில் இருந்தார். கூடவே வந்த விடுதி மேலாளர், "சமையலறையில் எண்ணெய் கொட்டிவிட்டது, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் சிஸ்டர்" என்று மிகப் பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவில் எனக்கு எங்கள் போர்மேனின் குரல் கேட்டது. அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ரஃபீக்கிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் ஜெனரேட்டர் என்றான். பேனாவை எடுத்ததும் பதறி, "கிச்சன் லிக்கோ, சிஸ்டர், கிச்சன்" என்று, கிச்சன் என்றே எழுதச் சொல்லி அழுதான். வேலை போய்விடும் என்று பயம்.

அவன் அழுதது என் காதில் விழுந்தது. விழுந்தும், ஜெனரேட்டர் அறை, வேலை நேரம், எரிபொருள் என்று அழுத்தி எழுதினேன். நியாயத்துக்காக எழுதினேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு எழுத்திலும் சிவகாசி டாக்டரின் கையைப் பிடித்துத் திருப்பினேன்.

அதிகாரிகள் வந்து பார்த்து, ஜெனரேட்டர் அறையைப் பூட்டி, திருத்தம் செய்ய வைத்தார்கள். மேலாளர் என்மேல் புகார் எழுதினார், எடுபடவில்லை. ரஃபீக்கின் காயம் தலைநகர் மாலே ஆஸ்பத்திரியில் ஆறிவந்தது. ஆனால் கையில் கட்டுப் பிரிப்பதற்கு முன்னாலேயே அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். விடுதியில் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் துறை வழியாகத் திரும்பியவனை வழியனுப்பப் போனேன். என் முகத்தைப் பார்க்காமல் படகேறினான். என் பழிக்கு அவன் செலவாகிவிட்டான் என்று அன்று புரிந்தது. அவனிடம் வாங்கிய பழியை, வாங்க வேண்டிய இடத்திலேயே போய் வாங்குவது என்று விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

சிவகாசியில் இறங்கிய மறுநாள் அதே ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டேன். கூடம் நிறையப் பெண்கள். பாதிப் பேருக்கு விரல்களில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம். என் முறை வந்ததும் ஜெராக்ஸை டாக்டர் மேசையில் வைத்தேன்.

"யாரும்மா இது?"

"சீனியம்மாள். எங்கம்மா. நீங்க எழுதுனதுதான்."

கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "எத்தனையோ கேஸ் வருது. இதெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

பயந்துபோவார், மறுப்பார் என்றெல்லாம் எத்தனையோ வருடம் மனதில் ஒத்திகை பார்த்திருந்தேன். மறந்திருப்பார் என்று நினைக்கவே இல்லை. எழுந்து கதவை விரியத் திறந்தேன். கூடத்துக்குக் கேட்கும்படி அந்தத் தாளை இங்கிலீஷில் வாசித்து, தமிழிலும் சொன்னேன். "எங்க வீட்டுல ஸ்டவ்வே கெடையாது. எங்காத்தா வெந்தது கம்பெனி மரத்தடியில. இவரு ஸ்டவ்னு எழுதுனாரு. நீங்களும் இங்கன என்ன எழுதுறாகன்னு வாசிக்கச் சொல்லிக் கேளுங்க."

கம்பவுண்டர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். டாக்டர், "விடு, போகட்டும்" என்றார். கூடத்தில் பெண்கள் கையிலிருந்த டோக்கனைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவமானத்தோடு வாசல்வரை வந்துவிட்டேன். அப்போது பெஞ்சிலிருந்த ஒரு அம்மா தன் சீட்டை நீட்டினாள். "இதுல என்ன போட்டுருக்குன்னு பாரு தாயி."

சளி, காய்ச்சல் என்றுதான் இருந்தது. சொன்னேன். அடுத்தவள் நீட்டினாள். அவளுக்கு அடுத்தவளும். அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்தேன். டாக்டர் திறந்த கதவு வழியே அதைப் பார்த்துக்கொண்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை அந்த ஒரு மணி நேரமும் ரசித்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

இப்போதும் சிலர் சீட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்களாம். போனில் சித்தி மகள் சொன்னாள். "அந்தத் தீவுக்காரி வந்து கெடுத்துட்டுப் போயிட்டாள்னு டாக்டர் வையுதாராம்க்கா." இங்கே தீவுக்காரர்களுக்கு நான் இந்தியா நர்ஸ். அம்மாவிடம் பொய் வாசித்த வாய் மட்டும் எங்கே போனாலும் என்னோடு வருகிறது. அதன்மேல் பழி வாங்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

தாயில்பட்டியில் தூரத்தில் 'டம்'மென்று கேட்டால், எல்லாரும் வாசலுக்கு வந்து புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்போம். திசை தெரிந்தால் எந்தக் கம்பெனி, யார் வீட்டு ஆள் என்று தெரிந்துவிடும். நேற்று மத்தியானம் தகரக் கூரைமேல் நெற்றுத் தேங்காய் ஒன்று விழுந்தது. ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் புகையைத் தேடினேன். நோயாளிகளும் எழுந்து வந்து, எதைப் பார்க்கிறேன் என்று தெரியாமலேயே என்னோடு நின்று பார்த்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான் இருந்தது.