மூன்று கேமராவிலும் மஞ்சள்

கேமராவைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன் குறை அக்கா அந்தப் பெட்டியைத் தன் போனில் நான்கு பக்கமும் படம் பிடித்துக்கொள்கிறார். பிளாஸ்டிக் உறை எந்தப் பக்கம் மடிந்திருந்தது, சார்ஜர் எந்தக் குழியில் கிடந்தது, உத்தரவாத அட்டை மேலே இருந்ததா கீழே இருந்ததா, எல்லாம் அதில் வந்துவிட வேண்டும். வேலை முடிந்து கம்பெனிக்குத் திருப்பி அனுப்பும்போது கை படாத சாமானாகப் போக வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு வைராக்கியம். "இரவல் நகை மாதிரி. போட்டுக்கிட்டு ஆடக் கூடாது," என்பார். தோள்வாரை அவர் பிரிப்பதே இல்லை. ஆகவே அந்தக் கனத்த சாமானைக் கைப்பிள்ளையைத் தூக்குவதுபோல அடியில் ஒரு கை கொடுத்து ஏந்திக்கொண்டே வீடு முழுக்க நடக்கிறார்.

குடும்பப் பத்திரிகை ஒன்றில் 'வீட்டுக்கு எந்தக் கேமரா?' என்ற பகுதியைப் பல வருடங்களாக எழுதுகிறவர் அவர். படம் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கான பகுதி அல்ல. பிள்ளை பிறந்த கையோடு ஒரு டி.எஸ்.எல்.ஆர். வாங்கிவிடலாம் என்று கிளம்பி, கடையில் இரண்டு மாடல்களுக்கு நடுவே திருதிருவென்று முழிக்கும் அப்பா அம்மாக்களுக்கானது. எந்தக் கேமரா வந்தாலும் முதல் பத்தியிலேயே ஒரு குறையைப் பிடித்துவிடுவதால் அலுவலகம் வைத்த பெயர் குறை அக்கா. அவருக்கு அதில் வருத்தமில்லை. "புகழ்றதுக்குன்னு விளம்பர டிபார்ட்மென்ட் தனியா இருக்குல்ல?"

வாசகர்கள் போனில் கூப்பிடுவார்கள். மெகாபிக்சல், லென்ஸ் என்று அவர்கள் ஆரம்பிப்பதற்குள் அக்கா ஒரு கேள்வி கேட்பார்: "உங்க வீட்ல யாரு ஓடுவாங்க?" ஓடுகிற பிள்ளை இருந்தால் ஒரு கேமரா, தவழ்கிற பிள்ளை இருந்தால் வேறொன்று. ஒருமுறை ஒருவர் நன்றாக யோசித்துவிட்டு, "யாரும் ஓட மாட்டோம் மேடம். எல்லாரும் கொஞ்சம் குண்டு," என்றார். "அப்ப இருக்கறதுலயே சின்னது போதும். மிச்சத்துக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்குங்க."

போனை வைப்பதற்கு முன் பலரும் கேட்பது ஒன்று உண்டு. "நீங்க என்ன கேமரா வச்சிருக்கீங்க மேடம்?"

"ஒண்ணும் இல்ல."

அது தன்னடக்கம் இல்லை. அந்த வீட்டில் சொந்தமாக ஒரு கேமரா கிடையாது. நாளெல்லாம் பரோட்டா தட்டுகிறவனுக்கு வீட்டுக்குப் போய்ப் பரோட்டா தின்னத் தோன்றுமா என்று கேட்பார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி இமைகளை அழுத்திக்கொள்வார். ஒரே படத்தை மூன்று கேமராவில் எடுத்து, கணினியில் பெரிதாக்கி, ஒரு கண்ணிமை முடியை இன்னொரு கண்ணிமை முடியோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு அவருடைய கண்கள் எப்போதும் தூக்கம் கெட்டதுபோலவே சிவந்திருக்கின்றன. "மூணும் நல்லாத்தான் இருக்கு, கைக்கு எது தோதோ அத வாங்குங்கன்னு ஒரே வரில எழுதிடலாம். ஆனா பக்கம் ரொம்பாதே!"

சோதனைக்கூடங்களில் கோடும் கட்டமும் அச்சடித்த அட்டையைப் படம் பிடிப்பார்கள். அக்காவுக்கு அது ஆகாது. "அட்டைக்கு யாராவது பொறந்தநாள் கொண்டாடுவாங்களா?" வேகத்துக்கு மாடி வீட்டு இரட்டைச் சிறுமிகள் நடைவழியில் கத்திக்கொண்டு ஓடிவருவார்கள். மங்கல் வெளிச்சத்துக்குச் சமையலறை விளக்கை மட்டும் போட்டுவிட்டுக் கூடத்தில் படம் எடுப்பார். தோலின் நிறத்துக்கு அவர் கணவர்.

கணவர் பார்சல் கிடங்கு ஒன்றில் இரவு ஷிப்டு மேற்பார்வையாளர். காலையில் வந்து பல் துலக்கிவிட்டுப் படுக்கப்போகும் மனிதரை, ஜன்னலோரம் வெள்ளைச் சுவருக்கு முன்னால் போட்ட நாற்காலியில் அக்கா கால் மணி நேரம் பிடித்து உட்காரவைப்பார். அதற்கென்றே ஒரு சட்டை உண்டு. மெல்லிய நீலக் கோடுகள் நெருக்கமாக ஓடும் சட்டை. சுமாரான கேமராவில் அந்தக் கோடுகள் குளத்து நீர்போல நெளியும். சொந்தச் சட்டையை வேறெந்த விசேஷத்துக்கும் போட அவருக்கு அனுமதியில்லை. உட்கார்ந்ததும், "இன்னிக்கு அலை அடிக்குதா?" என்று கேட்பார். பிறகு சிலையாகிவிடுவார். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை அவருக்குக் கைவந்திருக்கிறது என்பது அக்காவின் சந்தேகம்.

"கண்ணத் தொறங்க."

"தொறந்துதான்டி இருக்கேன். உன் கேமராவச் சொல்லு."

போன மழைக்காலத்தில் மூன்று கம்பெனிகளிலிருந்து மூன்று கேமராக்கள் வந்தன. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய ஒப்பீட்டுக் கட்டுரைக்காக. முதல் கேமராவில் கணவரின் முகம் மஞ்சளாக விழுந்தது. குறை கிடைத்துவிட்ட திருப்தியில் அக்கா குறித்துக்கொண்டார்: தோல் நிறத்தில் மஞ்சள் ஏறுகிறது. சில நாள் கழித்து இரண்டாவது கேமரா. அதிலும் மஞ்சள். வேறு கம்பெனி, வேறு லென்ஸ், அதே மஞ்சள். அக்கா ஜன்னல் திரையைச் சந்தேகப்பட்டார். கழற்றித் துவைத்துப் போட்டார். எதிர்வீட்டுச் சுவரைச் சந்தேகப்பட்டார். அது சாம்பல் நிறச் சுவர், பாவம், அதன் மேல் ஒரு பழியும் போட முடியவில்லை. மூன்றாவது கேமராவில் முன்னைவிடக் கூடுதல் மஞ்சள்.

அதே வாரங்களில் கணவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்கவில்லை. உள்ளங்கையைச் சொறிந்தார், முழங்கையைச் சொறிந்தார். படத்தில் கை மட்டும் கலங்கி விழுந்தது.

"ஆடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

"அரிக்குதுடி. என்ன பவுடர் போட்டுத் துவைச்ச இந்தச் சட்டைய?"

அக்கா சோப்புத் தூளை மாற்றினார்.

கடைசியில் சாம்பல் அட்டையை எடுத்தார். நடுநிலைச் சாம்பல் நிறத்தில் ஓர் அட்டை. அதைக் கணவரின் முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்து, இதுதான் சாம்பல் என்று கேமராவுக்குக் காட்டிவிட்டால், பிறகு எந்த வெளிச்சத்திலும் அது மற்ற நிறங்களைச் சரியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். போட்டது. சுவர் வெள்ளையாக வந்தது. சட்டையின் வெள்ளை வெள்ளையாகவும் நீலம் நீலமாகவும் வந்தன. முகம் மட்டும் மஞ்சளாகவே நின்றது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கேமராவைக் கீழே இறக்கி ஆளைப் பார்த்திருப்பார்கள். அக்காவுக்கோ பல வருடக் கோபம் ஒன்று தயாராக இருந்தது. கேமரா செய்கிறவர்கள் வெளுத்த தோலை வைத்தே நிறத்தைத் தீர்மானிக்கிறார்கள், மாநிறத் தோல் அவர்கள் கணக்கிலேயே இல்லை என்று அவர் எழுதாத வருடமில்லை. இப்போது மூன்று கம்பெனியும் கையும் களவுமாகச் சிக்கிவிட்டன. உட்கார்ந்த இடத்தில் ஆறு பக்கம் எழுதினார். 'மூன்று கேமராவிலும் மஞ்சள்' என்று தலைப்பு. ஆசிரியர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "அக்கா, நெருப்பு! அட்டைப்படக் கட்டுரையாப் போட்டுடலாம். சாரோட மொகத்தையே பெருசாப் போடறோம்."

அன்று பிற்பகல் நாத்தனார் வந்தார். கணவரின் மூத்த சகோதரி. வருவதற்கு முன் போன் செய்கிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. தம்பி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா மேசையில் மூன்று படங்களையும் கணினித் திரையில் வரிசையாக நிறுத்தி, அட்டைப்படத்துக்கு எது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என்னம்மா இது? இவன் கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"அது கேமராக் கோளாறு அண்ணி. நம்ம தோலுக்கு இவங்க நிறத்தச் சரியா வைக்கறதில்ல. மூணு கம்பெனியும் அப்படித்தான்."

"தோலு சரி. நான் கண்ணக் கேக்கறேன். கண்ணு வெள்ளையெல்லாம் எங்க போச்சு?"

அக்கா திரையைப் பார்த்தார். இமை முடி ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம்போல நின்றது. அந்தக் கண்ணை அவர் எத்தனையோ முறை பெரிதாக்கியிருக்கிறார். எப்போதும் முடியைத்தான் பார்த்திருக்கிறார்.

நாத்தனார் படுக்கையறைக்குள் போனார். திரைச்சீலையின் வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டன. "எந்திரிடா. இங்க பாரு. என்னப் பாருடா." பிறகு அங்கிருந்தே குரல் வந்தது, கத்தாமல், ரொம்பத் தாழ்வாக. "ஏம்மா, இங்க வா. வந்து பாரு. இவன்கிட்டயும் கேமராக் கோளாறுதானா?"

கணவர் எழுந்து உட்கார்ந்து பேந்தப் பேந்த முழித்தார். முழுப் பகல் வெளிச்சமும் அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. "எங்க கோடவுன் லைட்டுல எல்லாருமே மஞ்சள்தான்க்கா," என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அக்கா அறை வாசலிலேயே நின்றார். நடுவில் லென்ஸ் இல்லாமல் அந்த முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று அவருக்கு நினைவு வரவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் அம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எப்பலேர்ந்து இந்த மஞ்சள்? சுமாரா சொன்னாப் போதும்."

அக்கா போனை எடுத்து நீட்டினார். கட்டுரைக்காக அனுப்பிய படங்கள் அதிலும் இருந்தன. ஒரே நாற்காலி, ஒரே சட்டை, ஒரே ஜன்னல் வெளிச்சம், ஓரத்தில் தேதி. டாக்டர் அம்மா விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனார். மஞ்சள் படத்துக்குப் படம் ஒரு படி ஏறிக்கொண்டே வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமா யாரும் எனக்குக் கொண்டுவந்து காட்டினதில்லம்மா. கலருக்கு அட்டைகூட வச்சிருக்கீங்க! ஆனா இத்தனை நாள் ஏன் கூட்டிட்டு வரல? எதுக்காக எடுத்தீங்க இதெல்லாம்?"

"கேமராவப் பாக்கறதுக்கு," என்றார் அக்கா.

பித்தம் இறங்கும் குழாயில் கல் அடைத்திருந்தது. வாய்வழியாகக் கருவியை விட்டு எடுத்தார்கள். அதோடு விடவில்லை. கல் இருந்த இடத்துக்குக் கீழே குழாய் சுருங்கியிருப்பது தெரிந்து, சின்னத் துணுக்கு ஒன்றைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அக்கா மருத்துவமனை வராந்தாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒருவர் புதுக் கேமராவோடு, பிறந்த குழந்தையைப் படம் எடுக்கத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். வழக்கமாக அக்கா எழுந்து போய்ச் சொல்லிக்கொடுத்திருப்பார். அன்று எழவில்லை.

முடிவில் கெட்டது ஒன்றும் இல்லை. இப்போதைக்கு இல்லை என்று டாக்டர் அம்மா திருத்தினார். சுருக்கம் சுருக்கம்தான், திரும்பவும் அடைக்கலாம். "கண்ணுல லேசா மஞ்சள் தட்டினாலும் தாமதிக்காதீங்க. காய்ச்சலும் சேர்ந்துட்டா என் கையில இல்ல."

கட்டுரையை நிறுத்தச் சொல்லி அக்கா வராந்தாவிலிருந்தே ஆசிரியருக்குப் போன் செய்திருந்தார். ஆசிரியருக்கு மனசு வரவில்லை. "சாருக்கு ஒடம்பு சரியாகட்டும் அக்கா, அது முக்கியம். ஆனா நீங்க எழுதினது உண்மைதானே? நம்ம தோலுக்கு அவங்க ஒழுங்கா செய்யறதில்லதானே?"

"உண்மைதான். ஆனா நான் கொண்டுவந்து நிறுத்தின சாட்சி சரியில்ல."

"அப்ப இந்த மூணு கேமராவும்?"

"பொய் சொல்லல தம்பி. மூணும் ஒரே மாதிரி, உள்ளத உள்ளபடி காட்டிச்சு. எனக்குத்தான் அதுவும் ஒரு குறையாப் பட்டுச்சு."

அந்த இதழில் சிக்கனமாகக் குளிர்பெட்டி பராமரிப்பது எப்படி என்று ஆறு பக்கம் வந்தது. அடுத்த இதழிலிருந்து அக்கா மறுபடி எழுதத் தொடங்கினார். எழுத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, முதல் பத்தியில் குறை வந்துவிடுகிறது. போனில் கேட்கிறவர்களிடம் இன்னமும் யாரு ஓடுவாங்க என்றுதான் ஆரம்பிக்கிறார். முன்பைவிடச் சீக்கிரம் களைத்துப்போகிறார். சில சமயம் எதிர்முனையில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே, "அது கிடக்கட்டும், வீட்ல எல்லாரும் நல்லா சாப்பிடறாங்களா?" என்று கேட்டுவிடுகிறார். வாசகர்கள் குழம்பிப்போய், சாப்பிடறாங்க மேடம் என்கிறார்கள்.

இந்த வாரம் ஒரு புதுப் பெட்டி வந்தது. நாலு பக்கமும் படம் பிடித்தாயிற்று. கணவர் கிடங்கிலிருந்து வந்து, கழுத்துப் பக்கம் தொளதொளத்துப்போன அந்தக் கோடு போட்ட சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்தார். பகல் ஷிப்டு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை. வெளியே மழை விட்டு, வெளிச்சம் நன்றாக இருந்தது. அக்கா கேமராவைக் கண்ணில் வைத்தார். மெல்ல லென்ஸ் வளையத்தைத் திருப்பினார். முகம் தெளிந்து வந்தது. பொத்தான் மேல் விரல் இருந்தது, அழுத்தவில்லை.

"என்னடி, பேட்டரி போச்சா?"

கேமராவை அப்படியே ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு அக்கா நாற்காலிக்கு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். ஒரு கையால் கணவரின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கட்டை விரலால் அவருடைய கீழ் இமையை இழுத்துக் குனிந்து பார்த்தார்.

"பாஸா பெயிலா?" என்றார் கணவர், அசையாமல்.

அக்கா அடுத்த கண்ணின் இமையை இழுத்தார்.